கெவுளி சொன்னதும் மணி அடித்ததும்

ஒரு காட்டில் — காடு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம், மூன்று பக்கமும் மனை போட்டு விற்றது போக மிச்சம் இருந்த காடு அது — கெவுளியம்மாள் என்று ஒரு பல்லி இருந்தாள். கரடி மாசிலாமணி வீட்டுக் கூடத்தில், சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால் குடியிருந்தாள். வாடகை கிடையாது. விரட்டுவாரும் கிடையாது. அவள் பார்த்த உத்தியோகம் அப்படிப்பட்டது.

வீட்டில் யாராவது ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கெவுளியம்மாள் "ச்சு ச்சு ச்சு" என்பாள். உடனே பேசியவர் பேச்சை நிறுத்தி, விரலால் தரையைத் தட்டி, "பாத்தீங்களா, கெவுளியே சொல்லிருச்சு" என்பார். அதற்கு மேல் அந்த விஷயத்தில் யாரும் எதிர்ப்பேச்சு பேசமாட்டார்கள். மழை வரும் என்று சொல்லும்போது கெவுளி சொன்னால் மழை வரும். மாமியார் சீக்கிரம் ஊருக்குக் கிளம்பிவிடுவாள் என்றால் கிளம்பிவிடுவாள். கிளம்பாவிட்டாலும் யாரும் பல்லியைக் குறை சொன்னதில்லை. எந்த மாமியார் என்று தாங்கள்தான் தெளிவாகச் சொல்லவில்லை என்று தங்களையே நொந்துகொள்வார்கள். இந்த மரியாதை நம்மில் எத்தனை பேருக்குச் சொந்த வீட்டில் கிடைக்கிறது?

இதில் வெளியே தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கெவுளியம்மாள் ஒரு நாளும் அவர்கள் பேச்சைக் காதில் வாங்கியதே இல்லை. ஈசல் தின்று வயிறு முட்டினால் ச்சு ச்சு என்பாள். ஒரு விட்டில்பூச்சியைத் துரத்திக்கொண்டு மாடிக்குப் போய்த் திரும்பி வராத கணவன் நினைவு வந்தாலும் ச்சு ச்சு என்பாள். அவளுடைய அம்மாவும் அப்படித்தான் இருந்தாள், அம்மாவின் அம்மாவும் அப்படித்தான். ஆனால் ஊரே தரையைத் தட்டித் தட்டி, தான் சொன்னால் நடக்கும் என்று அவளுக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. பதவியில் இருக்கிறவர்களுக்கு வழக்கமாக வருகிற வியாதிதான் இது.

இப்படி அவள் நிம்மதியாக இருந்த வீட்டுக்குள்தான் ஒயர்லெஸ் காலிங்பெல் வந்து சேர்ந்தது.

அதற்குக் காரணம் மாசிலாமணியின் மனக்குறை. காட்டில் யாராவது வேண்டாத நேரத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் "கரடி மாதிரி வந்துட்டான்" என்பார்கள். மான் நுழைந்தாலும் கரடி, நரி நுழைந்தாலும் கரடி. நிஜக் கரடியான மாசிலாமணிக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. வீட்டுக்குள் வருகிறவர்கள் மணியடித்துக் காத்திருந்து வரவேண்டும், அந்த நாகரிகத்தைக் காட்டுக்கு ஒரு கரடிதான் கற்றுக்கொடுத்தது என்று பேர் வாங்கவேண்டும் என்று அவர் தீர்மானித்தார்.

குரங்கு கடையில் அப்போது ஆடித் தள்ளுபடி. ஒரு பெல் வாங்கினால் ஒரு பெல் இலவசம். ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு மணி? ஆனால் இலவசமாக வருவதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அந்தக் காட்டில் யாருக்கும் இல்லை. எனவே மாசிலாமணி பக்கத்து வீட்டு ஊசிமுத்துவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். ஊசிமுத்து ஒரு முள்ளம்பன்றி. அக்குபங்சர் வைத்தியம் பார்க்கிறவர், ஊசிக்காக அவர் எந்தக் கம்பெனியையும் நம்பி இருக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒட்டுச்சுவர்; வாசல்களும் பக்கத்துப் பக்கத்தில். ஒரே அட்டைப்பெட்டியில் இரட்டைப் பிள்ளைகளாக வந்த மணிகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். வாசல் சுவரில் சின்ன சுவிட்ச், கூடத்துப் பிளக்கில் பெரிய பெட்டி. ஒயர் என்ற பேச்சே இல்லை.

மாட்டிய மறுநாள் காலையில் மணி அடித்தது. மாசிலாமணி தலைவாரிக்கொண்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, முகத்தில் நாகரிகமான ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். வாசலில் ஒருவரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடியும் டிங் டாங். ஓடினார், யாரும் இல்லை. அன்று காலை முழுக்க அவர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்த நடையில் முட்டிவலி வந்ததுதான் மிச்சம். டிங் டாங் சத்தம் இரண்டு தடவை கேட்கிற மாதிரி இருக்கிறதே என்று அவர் மனைவி குணவதி கேட்டாள். அது எதிரொலி, நல்ல கம்பெனி மணி என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்.

கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்தது ஒரு கிளி. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று அது பத்து நிமிஷம் சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னது. பண்ணினார். வாசல் சுவிட்சின் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொன்னது. கழற்றினார். கையில் பேட்டரியை வைத்துக்கொண்டு அவர் நிற்கும்போதே கூடத்தில் டிங் டாங் என்றது. கிளி அதைப் போனிலேயே கேட்டுவிட்டு, மணி நன்றாக வேலை செய்கிறது சார், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது.

எலக்ட்ரீஷியன் மரங்கொத்தியை வரவழைத்தார்கள். அது வந்த வேகத்தில் நாலு சுவரையும் கொத்திப் பார்த்து, கதவையும் கொத்திப் பார்த்து, வீடு முழுக்க ஒயரிங் மாற்றவேண்டும் என்றது.

"ஒயரே இல்லாத மணிக்கு எதுக்குப்பா ஒயரிங் மாத்தணும்?" என்று மாசிலாமணி கேட்டார்.

"அதாங்க பிரச்சனையே. ஒயர் இருந்துச்சுன்னா அதைப் புடிச்சுக்கிட்டே போயி எங்க கோளாறுன்னு சொல்லிருவேன். இப்ப நான் எதைப் புடிச்சுக்கிட்டுப் போறது?"

மரங்கொத்தி வந்துபோன கூலியை வாங்கிக்கொண்டு பறந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் மணி அடங்கிவிடும்தான், ஆனால் வாங்கின சூட்டோடு ஒரு பொருளைப் பிடுங்கிப் பரணில் போட எந்தக் குடும்பஸ்தருக்கு மனசு வரும்? அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவையும் கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து பார்த்த கெவுளியம்மாளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். காரணமே இல்லாமல் கத்துகிற ஜென்மம், இதுவும் ஒரு பிழைப்பா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. மறுநாள் காலையில் குணவதி பலாக்கொட்டை உரித்துக்கொண்டே பேச்சுவாக்கில், "எனக்கென்னமோ உங்க முட்டிவலி தைக்குள்ள சரியாயிரும்னு தோணுதுங்க" என்றாள்.

டிங் டாங்.

குணவதியின் விரல் பழக்கதோஷத்தில் தானாகப் போய்த் தரையைத் தட்டியது. தட்டிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பேட்டரி இல்லாத மணி. ஆள் இல்லாத வாசல். ஒயர் இல்லாத சுவர். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏங்க, மணியே சொல்லிருச்சுங்க" என்றாள் குணவதி.

அந்தத் தட்டு கெவுளியம்மாளுக்கு விழவேண்டிய தட்டு. பரம்பரை பரம்பரையாக அவள் வீட்டாருக்கு விழுந்த தட்டு. பொறாமை என்றால் பொறாமைதான், மறைப்பானேன்? அன்று அவள் வயிற்றில் ஒன்றும் இல்லாதபோதே தொண்டை கட்டுகிற வரைக்கும் ச்சு ச்சு என்று சொல்லிப் பார்த்தாள். மாசிலாமணி சுவரை அண்ணாந்து பார்த்து, பல்லி கத்துது, மணி சொல்றது காதுல விழமாட்டேங்குது என்று சலித்துக்கொண்டார். அதுவரை அந்த வீட்டில் பல்லி சொன்னது, மணி கத்தியது. அன்றிலிருந்து மணி சொன்னது, பல்லி கத்தியது. ஒருவருக்கு வழங்கிவந்த வினைச்சொல்லை மாற்றிவிட்டார்கள் என்றால், வேலை போய்விட்டது என்று தனியாக யாரும் சொல்லவேண்டியதில்லை.

செய்தி காடு முழுக்கப் பரவியது. கரடி வீட்டுக் கூடத்தில் தினமும் கூட்டம். மகன் பரீட்சையில் தேறுவானா என்று மான் கேட்டது, மணி அடித்தது. தேறமாட்டானா என்று கேட்டிருந்தாலும் அடித்திருக்கும், ஏனென்றால் அது காலை வேளை. காலையில் கேட்டவர்களுக்கெல்லாம் மணி அடித்தது, மத்தியானமும் சாயங்காலமும் கேட்டவர்களுக்கு அடிக்கவில்லை. அதனால் காலையில் நல்ல நேரம், மத்தியானத்துக்கு மேல் நேரம் சரியில்லை என்று ஊர் முடிவு செய்துகொண்டது. மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. கரடி மாதிரி வந்துட்டான் என்று பேசியவர்களெல்லாம் இப்போது கரடி வீட்டுக்கு வரிசையில் நின்று வந்தார்கள்.

வீட்டுக்கு இத்தனை பேர் வந்து போகிறார்களே, கூடத்துக்கு வெள்ளையடித்தால் என்ன என்று குணவதிக்குத் தோன்றியது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குக் கொக்கைச் சொல்லிவிட்டார்கள். வெள்ளையடிப்பதில் அந்தக் காட்டில் கொக்கை மிஞ்ச ஆள் இல்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு காலையில் அவள் கடிகாரத்தைப் பார்த்து, "இதைக் கழட்டி, பின்னாடி இருக்கிற பல்லிக் குப்பையெல்லாம் சுரண்டித் தள்ளிரலாமாங்க?" என்று கேட்டாள்.

டிங் டாங் என்றது மணி. இரண்டு பேரும் தரையைத் தட்டினார்கள்.

குப்பை என்று அவள் சொன்னது கெவுளியம்மாளின் இரண்டு முட்டைகளை. கணவன் மாடிக்குப் போவதற்கு முன் அவளுக்கு விட்டுப்போனது அவ்வளவுதான். அரிசிமிட்டாய் அளவில், சுவரோடு சுவராக ஒட்டிப்போய் இருந்தன. பல்லி முட்டை ஒட்டினால் ஒட்டியதுதான். பெயர்த்து எடுத்தால் உடைந்துவிடும். வேறு சுவருக்குக் குடிபோகலாம் என்றால் அவளால் போகமுடியும், முட்டைகளால் முடியாது. உத்தியோகம் போனபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. இப்போது பயம் வந்தது. அழுகையும் வந்தது.

அழுது முடித்துவிட்டு, இந்த மணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது என்று கிளம்பினாள். ஜன்னல் வழியாக வெளியே வந்து, வாசல் சுவரில் ஊர்ந்து, பக்கத்து வீட்டு நிலைக்கு மேலே போய் மூச்சுவாங்க உட்கார்ந்தாள். அப்போது கழுத்துப்பிடிப்போடு ஒரு காட்டெருமை வந்து, ஊசிமுத்து வீட்டு சுவிட்சை மூக்கால் அழுத்தியது. ஊசிமுத்து வீட்டில் டிங் டாங். அதே நொடியில் கரடி வீட்டிலும் டிங் டாங். அடுத்து இடுப்பு சுளுக்கிய முயல் அழுத்தியது, அங்கும் இங்கும் டிங் டாங். இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்த மணிகளுக்கு எது தன் வீட்டு சுவிட்ச் என்று தெரியவில்லை. காலையில் வைத்தியசாலை திறந்திருக்கும், நோயாளிகள் வருவார்கள். மத்தியானத்துக்கு மேல் வைத்தியசாலை கிடையாது. அட, இவ்வளவுதானா என்று கெவுளியம்மாளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

உண்மையைக் கண்டுபிடித்தவர்கள் எல்லாரும் செய்கிற தப்பை அவளும் செய்தாள். நேராக ஓடிப்போய் அதைச் சொன்னாள்.

மாசிலாமணி சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்த நேரம் அது. கடிகாரத்திலிருந்து தலையை நீட்டி, "ஐயா, இது சாமியும் இல்ல பூதமும் இல்ல. பக்கத்து வீட்டு நோயாளிங்க சுவிட்சை அழுத்துறாங்க, உங்க வீட்லயும் சேந்து அடிக்குது. ரெண்டும் ஒரே ஜோடி. இதுக்காக என் முட்டையைச் சுரண்டிராதீங்க" என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துச் சொன்னாள். மாசிலாமணி நல்ல மனுஷர், அதாவது நல்ல கரடி. நிதானமாகக் கேட்டார். அப்படியும் இருக்குமோ என்று ஒரு நொடி பிளக்கைத் திரும்பிக்கூடப் பார்த்தார்.

குணவதிதான், இவள் சொல்வது நிஜமா என்று மணியிடமே கேட்டுவிடலாம் என்றாள்.

கேட்டார்கள். மூன்று பேரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஊசிமுத்து வைத்தியசாலையைச் சாத்திவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முள்ளம்பன்றியால் மல்லாந்து படுக்க முடியாது. மணி மூச்சுக்கூட விடவில்லை.

"பாத்தியா. பொய்யின்னு சொல்லிருச்சு" என்றாள் குணவதி. இவளுக்குப் பொறாமை என்றும் சேர்த்துச் சொன்னாள். அது மட்டும் உண்மை, அதற்காவது மணி ஒரு தடவை அடித்திருக்கலாம். இப்போது வைத்தியர் தூங்குகிறார், காலையில் கேட்டுப்பாருங்கள் என்று கெவுளியம்மாள் கெஞ்சினாள். ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டால் மணிக்குக் கோபம் வரும் என்று மாசிலாமணி போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கொக்கு சுண்ணாம்பு வாளியோடு வந்து நின்றது. கெவுளியம்மாள் முட்டைகளை ஒருமுறை வாலால் தடவிவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே வந்தாள். பக்கத்து வீட்டு சுவிட்சின் மேல் ஏறி நாலு காலையும் விரித்துப் படுத்துக்கொண்டாள். இனி யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

அதே காட்டெருமை வந்தது. அழுத்த மூக்கைக் கொண்டுவந்தது, பல்லியைப் பார்த்தது, அப்படியே நின்றுவிட்டது. பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் போட்டிருப்பது காட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். மூக்கில் விழுந்தால் என்ன என்பது அதற்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. எதற்கு வம்பு என்று இரண்டடி பின்வாங்கி, டாக்டரய்யா டாக்டரய்யா என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தது. பின்னால் வந்த முயலும் குள்ளநரியும் அதற்குப் பின்னால் நின்றுகொண்டன. சுவிட்சைத் தொட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

உள்ளே மாசிலாமணியின் குரல் ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது. கொக்குக்கு மணியின் மகிமையைக் காட்டுவதற்காக, கடிகாரத்தை இப்போதே கழட்டலாமா என்று கேட்டார். மணி அடிக்கவில்லை. மணிக்குக் காதில் விழவில்லையோ என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். அடிக்கவில்லை. காலை நேரத்தில் எல்லாவற்றுக்கும் அடிக்குமே என்று குணவதி குழம்பினாள். சுண்ணாம்பு காய்கிறது என்று கொக்கு முணுமுணுத்தது.

"அப்ப, அது அங்கயே இருக்கட்டுமா?" என்று மாசிலாமணி கேட்டார்.

கெவுளியம்மாள் படுத்திருந்த இடத்திலேயே உடம்பை அமுக்கினாள். சுவிட்ச் அசையவில்லை. அவள் எடைக்கு அது அசைகிற சுவிட்ச் இல்லை. எம்பி எம்பிக் குதித்தாள், அப்போதும் அசையவில்லை. உள்ளே மாசிலாமணி, ஒண்ணும் சொல்லமாட்டேங்குதே, சரி, கழட்டிப்பிடுவோம் என்று ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. அவளுக்கு உயிரே போய்விட்டது. விறுவிறுவென்று சுவரில் ஏறி, நிலைக்கு மேலே சுவிட்சுக்கு நேராகப் போய், கண்ணை மூடிக்கொண்டு கையையும் காலையும் விட்டாள். பல்லி விழுந்தது. சுவிட்சின் மேல் விழுந்தால் என்ன பலன் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருக்கவில்லை.

டிங் டாங்.

ஸ்டூல் நின்றது. உள்ளே தரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தத் தட்டு யாருக்கு விழுந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். இருக்கட்டும்னு மணி சொல்லிருச்சு, கடிகாரத்தைச் சுத்தி அடிச்சுட்டுப் போப்பா என்று மாசிலாமணி கொக்கிடம் சொன்னார். முதுகு வலித்தாலும் கெவுளியம்மாள் அன்று அழுதது சந்தோஷத்தில்தான்.

முட்டைகள் பிழைத்தன. இனிமேலாவது விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று அவள் கொஞ்சம் யோசித்தாள். அதற்குள் மாசிலாமணி, வாசலில் ராத்திரி முழுக்க லைட்டு எரிய வேண்டுமோ என்று மணியிடம் கேட்டுவிட்டார். லைட்டு எரிந்தால் பூச்சி வரும். பூச்சி வந்தால் சாப்பாடு. கெவுளியம்மாள் நிலைக்கு மேலேயிருந்து இன்னொரு முறை கையை விட்டாள். அதற்குப் பிறகு அவள் யோசிக்கவில்லை. ஜாகையை நிலைக்கு மேலேயே மாற்றிக்கொண்டாள். நோயாளிகள் சுவிட்சை மறந்துவிட்டுக் கதவைத் தட்டப் பழகிவிட்டார்கள்.

ஒரு நாள் ஊசிமுத்து தலையைப் பிடித்துக்கொண்டு கரடி வீட்டுக்கு வந்தார். "அண்ணே, என் வீட்டு மணி தானா அடிக்குதுண்ணே. போய்ப் பாத்தா ஆளே இல்ல. ஊசி குத்துறப்ப குறி தப்பிருது. பேட்டரியைக் கழட்டி எறிஞ்சிரலாம்னு பாக்குறேன்" என்றார்.

நிலைக்கு மேலே இருந்த கெவுளியம்மாள் விளிம்புக்கு நகர்ந்தாள். அந்தப் பேட்டரி போனால் எல்லாம் போச்சு. லைட்டும் போச்சு, தட்டும் போச்சு. முட்டையோ இன்னும் பொரியவில்லை.

மாசிலாமணி பெரியமனுஷத் தோரணையில், நாமாக எதையும் செய்யக்கூடாது என்று சொல்லி, பெட்டியின் முன்னால் போய்க் கைகட்டி நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரியைக் கழட்டலாமா என்று கேட்டார். நிசப்தம். கழட்டக் கூடாதா என்று கேட்டார்.

டிங் டாங்.

"அண்ணே, என் வீட்லயும் சேந்து அடிக்குதே" என்றார் ஊசிமுத்து, காதைச் சுவரில் வைத்து.

"அங்கயும் அதையேதான் சொல்லுது பாருங்க" என்றார் மாசிலாமணி.

ஊசிமுத்து முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவி, அதன் நுனியால் பயபக்தியோடு தரையைத் தட்டினார்.

கொஞ்ச நாளில் கடிகாரத்துக்குப் பின்னால் முட்டைகள் பொரிந்தன. இரண்டும் பெண். கெவுளியம்மாள் அவர்களை நிலைக்கு மேலே கூட்டி வந்து, எங்கே நிற்பது, எப்படிக் கையை விடுவது என்று தொழில் சொல்லிக்கொடுத்தாள். மூத்தவள் கொஞ்சம் சூட்டிகை. உள்ளே இருந்து பேச்சுக்குரல் வருவதைக் கவனித்துவிட்டு, அவங்க என்னம்மா கேக்கிறாங்க என்று கேட்டாள்.

"அதெல்லாம் நாம காதுல வாங்கக்கூடாது. வயிறு நெறஞ்சா குதி" என்றாள் கெவுளியம்மாள்.

நீதி: உண்மையைக் கண்டுபிடித்தால் ஓடிப்போய்ச் சொல்லாதீர்கள், அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள்.